கான்ராட் நினைப்பதில் எது தப்பு?

'ஆர்டினரி பீப்பிள்' 1980-ல் வந்த அமெரிக்கப் படம். அதுவரை நடிகராகவே தெரிந்த ராபர்ட் ரெட்ஃபோர்டு முதன்முதலாக இயக்கியது. ஜூடித் கெஸ்ட் 1976-ல் எழுதிய நாவல்தான் மூலம். சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. டிப்ரஷனில் இருக்கும் ஒரு பையன், அவனுக்கு ஒரு மனநல மருத்துவர், நடுவில் ஒரு குடும்பம். கவுன்சலிங் வகுப்பில் கேஸ் ஸ்டடி எழுதுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். ஆனால் அப்படி எழுத உட்காருகிறவர்கள் வழுக்கி விழ வசதியாக ஓர் இடமும் அதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இடத்தைப் பற்றித்தான்.

(படம் பார்க்காதவர்கள் கவனிக்க: முடிவு உட்பட எல்லாமே கீழே சொல்லப்படுகிறது. பார்த்துவிட்டு வந்து படித்தால் இன்னும் நல்லது.)

கதை சின்னது. சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில், லேக் ஃபாரஸ்ட் என்று ஒரு பணக்கார ஊர். அங்கே ஜாரெட் குடும்பம். அப்பா கால்வின், வரி வழக்கறிஞர். அம்மா பெத். வீட்டில் ஒரு தூசி இருக்காது, மேஜை விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. மூத்தவன் பக் கலகலப்பானவன், நீச்சல் வீரன், அம்மாவுக்கு உயிர். இளையவன் கான்ராட். இருவரும் ஏரியில் பாய்மரப் படகில் போனபோது புயலில் படகு கவிழ்கிறது. பக் மூழ்கிவிடுகிறான். கான்ராட் பிழைத்துக்கொள்கிறான். அதன் பிறகு அவன் தற்கொலைக்கு முயல்கிறான், காப்பாற்றப்படுகிறான், நான்கு மாதம் மருத்துவமனையில் இருக்கிறான். வீடு திரும்பிக் கொஞ்ச நாள் ஆன நிலையில் படம் தொடங்குகிறது. தூக்கம் இல்லை. பசி இல்லை. நண்பர்களோடு ஒட்டவில்லை. நீச்சல் குழுவில் பெயருக்கு இருக்கிறான்.

இப்போது ஒரு கேஸ் ஸ்டடி எப்படிப் போகும் என்று பார்க்கலாம். முதல் பத்தியில் அறிகுறிகள். இரண்டாவது பத்தியில் ஆரன் பெக் வந்துவிடுவார். மனச்சோர்வில் இருப்பவர் தன்னைப் பற்றியும், சுற்றியுள்ள உலகத்தைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் கறுப்புக் கண்ணாடி போட்டே பார்க்கிறார் என்பது பெக் சொன்னது. அந்தப் பார்வையில் இருக்கும் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தினால் மனநிலையும் மாறும் என்பது சி.பி.டி.யின் அடிப்படை. உடனே ஒரு அட்டவணை. இடது பக்கம் கான்ராடின் எதிர்மறை எண்ணங்கள்: 'அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம்', 'அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை'. வலது பக்கம் அவற்றுக்கு மாற்றான சமநிலையான எண்ணங்கள்: 'அது விபத்து', 'அம்மாவுக்கு என் மேல் பாசம் உண்டு, காட்டத் தெரியவில்லை'. மதிப்பெண் கிடைத்துவிடும். பையன் போய்விடுவான்!

ஏனென்றால் அந்த அட்டவணையில் முதல் வரிதான் பிழை. இரண்டாவது வரியில் இருக்கும் எண்ணத்துக்குப் படம் முழுக்கச் சாட்சி இருக்கிறது.

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். படத்தின் ஆரம்பத்திலேயே காலைச் சாப்பாடு. அம்மா ஃப்ரெஞ்ச் டோஸ்ட் செய்து வைக்கிறார். பையன் பசிக்கவில்லை என்கிறான். 'ஒரு வாய் சாப்பிடேன்' என்று ஒரு சொல் வரவேண்டும். வராது. அடுத்த நொடி தட்டு எடுக்கப்பட்டு, டோஸ்ட் சமையலறைத் தொட்டியில் கழிவு அரைக்கும் இயந்திரத்துக்குள் போய்விடுகிறது. அப்பா தடுக்கப் பார்க்கிறார், அதற்குள் முடிந்துவிட்டது. அதில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஏதோ மேஜையைத் துடைக்கிற மாதிரி.

பிறகு தோட்டத்துக் காட்சி. கான்ராட் குளிரில் தனியாகப் படுத்திருக்கிறான். அம்மா வெளியே வந்து பேச முயல்கிறார். (முயல்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) பக் ஒரு நாய் வளர்க்க ஆசைப்பட்டதைக் கான்ராட் நினைவுபடுத்துகிறான். அம்மா வேறு எதையோ பேசிக்கொண்டு போகிறார். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. கடைசியில் பையன் நாய் மாதிரி குரைத்துக் காட்டுகிறான். குளிருகிறது, மேலே ஏதாவது போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுகிறார்.

புகைப்படம் எடுக்கும் காட்சி அடுத்தது. கால்வின் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து நிற்கவைத்து ஒரு படம் எடுக்க நினைக்கிறார். பெத் சிரித்துக்கொண்டே, கேமராவை என்னிடம் கொடு, உங்களை எடுக்கிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். பிள்ளையோடு ஒரே சட்டகத்துக்குள் சில நொடி நிற்பது அவரால் ஆகாத காரியமாக இருக்கிறது. கான்ராட் வெடித்து, அவரிடமே கேமராவைக் கொடுத்துத் தொலையுங்கள் என்று கத்துகிறான். அறையில் இருக்கும் எல்லோரும் அவன்தான் கெடுத்துவிட்டான் என்பது போலப் பார்க்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் மரத்தடியில் நடக்கும் சண்டையில் எல்லாம் வெளியே வந்துவிடுகிறது. கான்ராட் நீச்சல் குழுவிலிருந்து விலகியதை வீட்டில் சொல்லவில்லை. அம்மாவுக்கு வேறொரு பெண்மணி மூலம் தெரிகிறது. அவருக்கு வலித்தது மகன் விலகியதா, வெளியாள் முன்னால் தான் விஷயம் தெரியாமல் நின்றதா? படம் பதில் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. கான்ராட் திருப்பிக் கேட்கிறான்: மருத்துவமனையில் இருந்தபோது நீ வந்தாயா? பக் அங்கே இருந்திருந்தால் வந்திருப்பாயே? அதற்கு அம்மாவின் பதில்: பக் அந்த மாதிரி மருத்துவமனையில் போய்ப் படுத்திருக்கவே மாட்டான்.

இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு வருகிற பையனிடம் ஒரு கவுன்சலர் 'நீ மனதைப் படிக்கிறாய், இது சிந்தனைப் பிழை' என்று சொன்னால் என்ன ஆகும்? வீட்டில் எல்லோரும் சொல்வதையே அவரும் சொல்கிறார் என்று ஆகும். அந்த வீட்டின் நோயே அதுதானே. எல்லாம் சரியாக இருக்கிறது, நீதான் தப்பாகப் பார்க்கிறாய் என்று ஒரு பையனிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கவுன்சலிங் அறையிலும் அதையே கேட்டால், தன் கண்ணையே நம்ப முடியாதவனாக அவன் வீடு திரும்புவான். ஒருமுறை சாவின் விளிம்புவரை போய் வந்தவன் அவன் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சொல்லியே வளர்ந்தவர்கள். பெற்ற தாய்க்குப் பிள்ளை மேல் பாசம் குறைந்திருக்கலாம் என்று எழுதப் பேனா வராது. அதனால் வலது பக்கக் கட்டத்தில் 'அம்மாவுக்குப் பாசம் உண்டு' என்று தானாகவே கை எழுதிவிடும். கொள்கை சொல்லவில்லை அதை, பழக்கம் சொல்கிறது.

பெக் மேலும் தப்பில்லை. சி.பி.டி. என்றால் நல்லதையே நினைக்கச் சொல்வது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெக்கின் முறை அது இல்லை. எண்ணத்தை ஒரு ஊகமாக வைத்துக்கொண்டு, சிகிச்சை அளிப்பவரும் வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆதாரம் தேடவேண்டும். ஆதாரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதை ஏற்கவேண்டும். எண்ணம் பொய் என்று தெரிந்தால் அதை விட்டுவிடலாம். உண்மை என்று தெரிந்தால் அடுத்த கேள்வி வேறு: சரி, இது உண்மைதான், இதை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது? இதிலிருந்து நீ என்ன முடிவுக்கு வந்தாய், அந்த முடிவு சரியா? 'அம்மாவால் என்னை நேசிக்க முடியவில்லை' என்பது உண்மையாக இருக்கலாம். 'ஆகவே நான் நேசிக்கத் தகுதியில்லாதவன்' என்பது அதிலிருந்து வராது. பிழை இருப்பது இந்த 'ஆகவே'யில்.

படத்தில் வரும் டாக்டர் பெர்கர் (ஜட் ஹிர்ஷ் நடித்தது) இதைச் செய்கிறார் என்பதுதான் ஆச்சரியம். அவர் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று படம் சொல்வதில்லை. சண்டைக்குப் பிறகு வரும் சந்திப்பில் கான்ராட் அம்மாவைப் பற்றிப் பொரிந்து தள்ளுகிறான். ரத்தக் கறை பட்ட துண்டையும் விரிப்பையும் தூக்கியெறிந்ததைச் சொல்கிறான், அவள் என்னை மன்னிக்கவே மாட்டாள் என்கிறான். பேசிக்கொண்டே போகையில் சட்டென்று நிற்கிறான். யாரை யார் மன்னிக்க முடியாமல் இருக்கிறார்கள் என்பது அவனுக்கே அப்போதுதான் உறைக்கிறது. அங்கே பெர்கர், அம்மாவுக்கு உன் மேல் கொள்ளை அன்பு என்று சமாதானம் சொல்வதில்லை. அவருடைய எல்லை எது என்று தெரிந்துகொள் என்கிறார். அப்படியென்றால் என்னை நேசிக்க முடியாதவரா என்று இவன் கேட்டால், அவரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேசிக்கிறார் என்பதுதான் பதில். இதில் ஆறுதலும் இருக்கிறது, பொய்யும் இல்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு கடினமான வாக்கியம் என்று தெரியும்.

இதை எந்தக் கொள்கையின் கணக்கில் எழுதுவது? கார்ல் ராஜர்ஸ் கேட்டால் தன் கணக்கில் எழுதச் சொல்வார். சிகிச்சை நடக்கத் தேவையானவை என்று அவர் 1957-ல் ஒரு கட்டுரையில் சொன்னவற்றில் மூன்று எல்லோருக்கும் தெரியும்: வந்தவரின் இடத்திலிருந்து புரிந்துகொள்வது, நிபந்தனையில்லாமல் ஏற்பது, கவுன்சலர் முகமூடி போடாமல் இருப்பது. (அப்போது ராஜர்ஸ் இருந்தது சிகாகோ பல்கலைக்கழகத்தில். ஜாரெட் வீட்டிலிருந்து காரில் போய்வரும் தூரம்!) தேர்வில் முதல் இரண்டையும் எல்லோரும் எழுதுவார்கள். பெர்கரிடம் இருப்பது முக்கியமாக மூன்றாவது. முதல் நாள் கான்ராட் வந்து, என்னைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள், அப்போதுதான் மற்றவர்கள் கவலைப்படுவதை நிறுத்துவார்கள் என்கிறான். பெர்கர், கட்டுப்பாட்டில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகும் சரி பார்க்கலாம் என்கிறார். அந்த ஊரில் எல்லோரும் இனிமையாகப் பேசுகிறார்கள், இவர் ஒருவர்தான் நினைப்பதைப் பேசுகிறார். அவன் திரும்பி வருவதற்கு அது போதுமான காரணம்.

ராஜர்ஸ் சொன்ன இன்னொன்றும் இங்கே பொருந்தும். 'இப்படி இருந்தால்தான் உனக்கு மதிப்பு' என்று குழந்தைக்கு வீடு விதிக்கும் நிபந்தனைகள். ஜாரெட் வீட்டில் அந்த நிபந்தனை ஒரே ஒரு சொல்: பக். பக் மாதிரி நீந்து, பக் மாதிரி சிரி. கான்ராட் நீச்சலை விட்டதை அறிகுறிப் பட்டியலில் 'ஆர்வம் குறைதல்' என்று சேர்க்கிறவர்கள் இருப்பார்கள். அண்ணன் வீரனாக இருந்த அதே விளையாட்டில், அண்ணனைக் கொன்ற தண்ணீரிலேயே தினமும் இறங்கியாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அவன் வெளியே வந்தது அது. முதன்முதலாக அவனாக எடுத்த முடிவு.

சரி, அட்டவணையின் முதல் வரி? 'அண்ணன் செத்ததற்கு நான்தான் காரணம்'. இது பொய், ஆனால் வாதம் செய்து உடைக்க முடியாத பொய். ஆல்பர்ட் எல்லிஸ் வந்திருந்தால் 'காப்பாற்றியே இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?' என்று போட்டு உலுக்கியிருப்பார். அந்தக் கேள்வி சரியானதுதான், நேரம்தான் கணக்கு.

அந்த நேரம் படத்தில் வருவது கரேனின் சாவுக்குப் பிறகு. கரேன் மருத்துவமனையில் அவனுக்குக் கிடைத்த தோழி. படத்தின் முற்பகுதியில் ஒரு கடையில் இருவரும் சந்திக்கிறார்கள். அவள் சிரித்த முகமாக, சுறுசுறுப்பாக இருக்கிறாள், நாடகக் குழுவில் இருக்கிறாள், டாக்டரிடம் போவதை விட்டுவிட்டாள். தனக்குத் தானேதான் உதவிக்கொள்ளவேண்டும் என்கிறாள். கான்ராடுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விடுகிறது, தான் மட்டும் இன்னும் டாக்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று. பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்கு ஃபோன் செய்கிறான். அவள் தற்கொலை செய்துகொண்டாள் என்று தெரிகிறது.

அன்றிரவு பெர்கர் அவனை அலுவலகத்துக்கு வரச் சொல்கிறார். படத்தின் புகழ்பெற்ற காட்சி அது. கான்ராட் ஏரிக்குள் திரும்பிப் போய்விடுகிறான், அண்ணனைப் பார்த்துக் கத்துகிறான்: பிடித்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டு நீ ஏன் கையை விட்டாய்? பெர்கர் அண்ணனின் இடத்திலிருந்து பதில் சொல்கிறார். களைத்துப்போனேன் என்கிறார். கெஸ்டால்ட் முறையில் காலி நாற்காலியை வைத்துச் செய்வதை இங்கே டாக்டரே நாற்காலியாகிச் செய்கிறார். கோபம் தீர்ந்த பிறகுதான் கேள்வி: நீ செய்த அந்த ஒரு தப்பு என்ன? படகைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். பிழைத்தது.

இந்தக் காட்சியைப் பார்த்து, அடக்கிய கோபம் வெளியே வந்ததும் டிப்ரஷன் போய்விட்டது என்று எழுதுவது சுலபம். உள்ளே திரும்பிய கோபம்தான் மனச்சோர்வு என்பது ஃபிராய்ட் 1917-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் வழி. வேடிக்கை என்னவென்றால், அதை நிரூபிக்கத்தான் பெக் மனச்சோர்வு நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். கனவில் கோபத்தைத் தேடியவருக்குக் கிடைத்தது தோல்வியும் இழப்பும்தான். சி.பி.டி. பிறந்த கதையில் அது ஒரு முக்கியமான திருப்பம். ஆகவே ஒரே கட்டுரையில் ஃபிராய்டையும் பெக்கையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி உட்காரவைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். கான்ராட் விஷயத்தில் அழுகை மட்டும் வேலை செய்யவில்லை. வாரம் இரண்டு முறை பல வாரம் போய் உட்கார்ந்து, இந்த ஆளிடம் உண்மையைச் சொல்லலாம் என்று ஆன பிறகு வந்த அழுகை அது. இரவு இரண்டு மணிக் காட்சிக்கு ஆஸ்கர் கிடைக்கும், செவ்வாய்க்கிழமைகளுக்குக் கிடைக்காது.

படத்தில் குறைகளும் உண்டு. கரேன் செத்த இரவில் கான்ராடின் உயிருக்கே ஆபத்து இருந்தது. அழுது முடித்ததும் அவன் நேராக ஜெனீன் என்ற தோழியின் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கிறான். தற்கொலை எண்ணம் இப்போது இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதும், இன்றிரவு யார் கூட இருப்பார்கள் என்று ஏற்பாடு செய்வதும் இன்று கவுன்சலிங்கில் பாலபாடம். மருந்தைப் பற்றிய பேச்சும் சிகிச்சையில் பெரிதாக இல்லை. ஃபுளுவாக்சடின் அமெரிக்காவில் அனுமதி பெற்றதே 1987-ல்தான் என்றாலும், 1980-ல் வேறு மருந்துகள் இருந்தன. இன்னொன்று, இது டிப்ரஷனா, துக்கமா என்ற கேள்வி. படம் வந்த அதே 1980-ல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. நீடித்த துக்கத்தை ஒரு தனி நோயாக அந்தக் கையேடு சேர்த்துக்கொண்டது 2022-ல். இன்று எழுதுகிற கேஸ் ஸ்டடியில் இரண்டையும் பார்க்காமல் இருக்க முடியாது. அண்ணன் செத்தது துக்கம், ஆனால் தனக்கு வாழத் தகுதியில்லை என்று நினைப்பது துக்கத்தைத் தாண்டிய ஒன்று.

பெத்தை வில்லியாக்கிவிட்டால் அதுவும் தப்பாகிவிடும். மேரி டைலர் மூர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. டெலிவிஷனில் சிரிக்கவைத்தே அமெரிக்காவுக்குப் பழக்கமானவர், அந்தச் சிரிப்பையே இங்கே கதவாக மூடிக்கொள்கிறார். ஹூஸ்டனில் கோல்ஃப் மைதானத்தில் அவருடைய அண்ணன், நீ சந்தோஷமாக இருக்கவேண்டும் என்கிறார். பெத் திரும்பிக் கேட்கிறார்: உன் பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்களா, யாரும் காரில் அடிபடவில்லையே, நீ பெருமைப்படும் அந்த நீச்சல் குளத்தில் மூழ்கவில்லையே என்று பார்த்துவிட்டு வா, பிறகு எனக்குச் சந்தோஷத்தைச் சொல்லிக்கொடு. படத்தில் அவர் துக்கம் வெளியே தெரியும் நிமிடம் இது. குடும்ப சிகிச்சைக்காரர்கள், வர்ஜினியா சடீர் போன்றவர்கள், வீட்டில் ஒருவரை 'நோயாளி' என்று காட்டிவிட்டு மற்றவர்கள் தங்கள் நோயோடு நடமாடுவார்கள் என்று சொன்னது இதைத்தான். கால்வின், எல்லோருமாகச் சேர்ந்து பெர்கரிடம் போகலாம் என்று சொல்லிப் பார்க்கிறார். பெத் மறுத்துவிடுகிறார். சிகிச்சை தேவைப்பட்டவர்களில் அதிகம் தேவைப்பட்டவர் அந்த நாற்காலிக்கு வரவேயில்லை. வராதவருக்குக் கொள்கை எதுவும் செய்ய முடியாது.

கடைசிப் பகுதியில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. வசனம் குறைவு, அதனால் கேஸ் ஸ்டடிகளில் தவறிப்போக வாய்ப்பு அதிகம். பெற்றோர் ஹூஸ்டனிலிருந்து திரும்பி வந்திருக்கிறார்கள். கான்ராட் படுக்கப் போகும் முன் அம்மாவிடம் வருகிறான், குனிந்து கட்டிக்கொள்கிறான். பெத்தின் கைகள் எழவில்லை. கண் திறந்தபடியே, உடம்பு விறைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார். சி.பி.டி.யில் இதற்கு நடத்தைச் சோதனை என்று பெயர் வைக்கலாம். ஒரு எண்ணத்தைச் செய்து பார்த்துச் சரிபார்ப்பது. சோதனையின் முடிவு அவன் முதலில் நினைத்தது போலத்தான் வந்தது. அம்மாவால் முடியவில்லை.

அவன் நிமிர்ந்து, மாடிக்குத் தூங்கப் போகிறான்.